மலைச்சாலையும் கொல்லாமை விரதமும்

அறங்கள் அனைத்திற்கும் தலையாயது கொல்லாமை என்பதை நம் இல்லத்துச் சிறு குழந்தையும் அறியும். நீரை வடிகட்டிப் பருகுகிறோம். பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. கீரை ஆய்கையில் இலையின் பின்புறத்தையும் திருப்பிப் பார்க்கிறோம். இத்துணை நுட்பமாக உயிர்களை ஓம்பும் நாம், ஒரு வண்டியில் ஏறி அமர்ந்தவுடன் அவ்விரதத்தை வாயிற்படியிலேயே விட்டுச் செல்கிறோமோ என்னும் ஐயம் நெடுநாளாக எமக்கு உண்டு. அவ்வையம் எழுந்த நாளைப் பற்றி முதலில் கூறிவிடுகிறோம்.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன், கோடை விடுமுறையில், உறவினர் பன்னிருவர் ஒரு வேனை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு ஐவர்மலைக்குச் சென்றோம். பழனிக்கு மேற்கே பாப்பம்பட்டிக்கு அருகில் உள்ளது அம்மலை. பாறையில் வரிசையாகச் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்கள் அங்கு உள்ளன. பாண்டியன் இரண்டாம் வரகுணனின் 8ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 870இல், குணவீரக் குரவரின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர் உருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்த செய்தியைக் கூறும் கல்வெட்டும் உண்டு. விடியற்காலையிலேயே வழிபாடு முடிந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் கொடைக்கானலைப் பாராமல் திரும்புவதா என்று பிள்ளைகள் கேட்டனர். பழனியிலிருந்து மேலேறும் மலைச்சாலை ஏறத்தாழ 65 கிலோமீட்டர். ஏறினோம், ஏரியைக் கண்டோம், தூண்பாறைக்குச் சென்று மூடுபனியைத்தான் கண்டோம்.

திரும்பப் புறப்படுகையில் மணி நான்கைத் தாண்டிவிட்டது. உணவோ பழனியில் யாங்கள் தங்கியிருந்த சத்திரத்தில் இருந்தது. எம்முள் எழுவர் இரவுண்ணா நோன்பினர். “தம்பி, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும், பெரியவர்கள் சாப்பிட வேண்டும்” என்று ஓட்டுநரிடம் முதலில் கூறியவர் வேறு யாருமல்லர், யாமே. பெருமாள்மலையில் பழனிச் சாலைக்குத் திரும்பியபோது எம் தமையனார் அதையே கூறினார். வடகவுஞ்சிப் பிரிவு வந்தபோது எம் நாத்தனார் கைக்கடிகாரத்தைக் காட்டிக் கூறினார். அப்பிள்ளைக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். மூன்று முறையும் “சரிங்கம்மா” என்றான். அதற்குமேல் அவன் என்ன கூறுவான்? வாடகை கொடுப்பவர் நாம்.

மலையின் வடபுறச் சரிவில் வெயில் விரைவில் மறைந்துவிடும். வண்டி விரைந்தது. வளைவுதோறும் பிள்ளைகள் கூவி மகிழ்ந்தனர். ஏதோ கருகுவதுபோன்ற நாற்றம் எழுந்தது. காட்டில் எங்கோ சருகு எரிகிறது என்று எண்ணிக்கொண்டோம். சவரிக்காட்டைக் கடந்து சில வளைவுகள் இறங்கியிருப்போம். ஒரு திருப்பத்தில், தலையில் விறகுக் கட்டுடன் ஒரு மூதாட்டி சாலையோரமாக வந்துகொண்டிருந்தார். ஓட்டுநர் பிரேக்கை மிதித்தான். வண்டி உடனே நிற்கவில்லை. அந்த அம்மையார் சுமையைப் போட்டுவிட்டு வடிகால் பள்ளத்தில் குதித்தார். வண்டி அவர் நின்றிருந்த இடத்தைத் தாண்டிப் பத்தடி தொலைவில் நின்றது.

முழங்கையில் சிராய்ப்பு, வேறு காயம் இல்லை. எம் தமையனார் மகன் இறங்கி ஓடி விறகுகளைப் பொறுக்கிக் கட்டிக் கொடுத்தான். எம் வயதுதான் இருக்கும் அவருக்கு. ஏசவில்லை. “மெதுவாப் போங்க சாமி” என்று மட்டும் கூறிவிட்டுச் சுமையைத் தூக்கிக்கொண்டு மேலே நடந்தார். வண்டிக்குள் யாரோ, “நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை” என்றார்கள். சத்திரத்தை அடைந்தபோது இருட்டிவிட்டது. நோன்பினர் எவரும் உண்ணவில்லை. விரதம் காக்கப்பட்டது என்று படுத்தோம். எமக்கு உறக்கம் வரவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மைதானா?

தத்துவார்த்த சூத்திரம் இம்சை என்பதற்கு இலக்கணம் கூறுமிடத்தில், உயிர் பிரிவதை மட்டும் கூறி நின்றுவிடவில்லை. பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு நேர்வதே இம்சை என்று, பிரமாதத்தை முன்வைத்தே கூறுகிறது. இன்றைய பேச்சில் ‘பிரமாதம்’ என்றால் மிகச் சிறப்பு என்று பொருளாகிவிட்டது. “எங்கள் பையன் பிரமாதமாகக் கார் ஓட்டுவான்” என்று பெருமை பேசுகிறோம். சாத்திரத்தில் அச்சொல்லுக்குக் கவனமின்மை, சோர்வு, அசட்டை என்று பொருள். இரண்டு பொருளிலும் அந்த வாக்கியம் உண்மையாக இருந்துவிடுவதுதான் துன்பம்.

குந்தகுந்தாசாரியர் பிரவசனசாரத்தில் இதை இன்னும் தெளிவாக்குகிறார். உயிர் இறக்கினும் இறவாவிடினும், கவனமின்றி ஒழுகுவோனுக்கு இம்சை உறுதி. சமிதி காத்து நடப்போனுக்கு ஊறு நேர்ந்த அளவினாலேயே பந்தம் இல்லை என்பது அவர் துணிபு. முனிவர் கைக்கொள்ளும் ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈரியா சமிதி. பகலொளியில், பிறர் நடந்து பழகிய வழியில், முன்னே நான்கு முழத் தொலைவு, அதாவது ஒரு நுகத்தடி அளவு, நிலத்தை நோக்கி நடத்தல். ஏன் நான்கு முழம்? நடக்கின்ற ஒருவர் கண்டவுடன் காலை நிறுத்திக்கொள்ளக் கூடிய தொலைவு அது. காணும் தொலைவுக்குள் நிற்க முடியாத விரைவில் செல்லாதே என்பதே அதன் உட்பொருள் என்று யாம் கொள்கிறோம். மலைச்சாலையில் வண்டி ஓட்டுவோர்க்கு இதைவிடச் சிறந்த விதியை எந்தப் போக்குவரத்து நூலும் கூறிவிட முடியாது.

கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் விரைவில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் கடக்கிறது. 40 கிலோமீட்டர் என்றால் 11 மீட்டர். கண் கண்டதை மனம் உணர்ந்து கால் பிரேக்கை அழுத்துவதற்கு ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். அதன்பின் வண்டி நிற்க வேண்டிய தொலைவு, விரைவு இருமடங்கானால் நான்கு மடங்காகும். சமதரையில், உலர்ந்த சாலையில், நல்ல பிரேக் உள்ள வண்டியை 20இல் ஓட்டினால் 9 மீட்டருக்குள் நிறுத்தலாம். 40இல் ஓட்டினால் 23 மீட்டர் வேண்டும். இறக்கத்தில் இன்னும் கூடும். கொண்டை ஊசி வளைவில் நமக்குத் தெரியும் சாலையோ சில இடங்களில் 15 மீட்டர்கூட இல்லை. எஞ்சிய தொலைவை நாம் கண்ணால் ஓட்டுவதில்லை. அங்கே யாரும் இருக்கமாட்டார்கள் என்னும் நம்பிக்கையால் ஓட்டுகிறோம். அந்த இடத்தில் விறகு சுமப்பவர் இருக்கலாம். பழனி மலைகளில் மாலைதோறும் சாலைக்கு வரும் காட்டுமாடு இருக்கலாம். மழைக்காலத்துத் தவளை எத்தனையோ இருக்கலாம்.

இனி ஒரு தடையைக் காண்போம். இதை எம் உறவினர் ஒருவரே எழுப்பினார். “ஆயுட்கருமம் முடிந்தாலன்றி எவரும் இறப்பதில்லை. அந்த அம்மையாருக்கு ஆயுள் இருந்தது, பிழைத்தார். இல்லாதவர் வேறு எவ்வாறேனும் இறந்திருப்பார். ஓட்டுபவன் நடுவே ஒரு நிமித்தம்தானே?” என்றார். கற்றறிந்தவர் கூற்று, எளிதில் தள்ளிவிட முடியாது. சமயசாரத்திலும், ‘நான் கொல்கிறேன்’ என்னும் எண்ணம் அறியாமை எனக் கூறப்பட்டிருக்கிறது. ஆனால் அதே இடத்தில், உயிர் இறந்தாலும் இறவாவிட்டாலும் பந்தம் விளைவது எண்ணத்தின் வழியே என்றும் கூறப்பட்டிருக்கிறதே! இறந்தவருடைய ஆயுள் அவருடைய கணக்கு. நம் கவனமின்மை நம் கணக்கு. ஒருவருடைய ஏட்டைக் காட்டி இன்னொருவர் ஏட்டை அடித்துவிட இயலாது. முப்பத்தைந்து ஆண்டு விடைத்தாள் திருத்திய கைக்கு இது நன்கு விளங்குகிறது.

இன்னொருவர், இல்லறத்தார்க்கு ஆரம்ப இம்சை தவிர்க்க முடியாதது. உழவும் சமையலும்போலப் பயணமும் ஒன்று என்றார். பயணம் தவிர்க்க முடியாதது என்பதை ஒப்புகிறோம். விரைவு அவ்வாறன்று. அரை மணி நேரம் முன்னதாகப் புறப்பட்டிருந்தால் வேண்டாததாகியிருக்கும் விரைவு அது. சமந்தபத்திராசாரியரின் இரத்தினகரண்டகத்திலும், அதன் வழிவந்த நம் அருங்கலச்செப்பிலும் அனர்த்த தண்டம், பயனில் தீவினை, என்று ஐந்து கூறப்படுகின்றன. அவற்றுள் மூன்று அன்று எம் வேனிலேயே ஏறி அமர்ந்திருந்தன. தீவினைக்கு ஒருவரைத் தூண்டும் சொல் பாபோபதேசம். “விரைந்து போ தம்பி” என்று கூறியது அது. பயனின்றி அசட்டையாக ஒழுகுவது பிரமாத சரியை. மூன்றாவது இம்சாதானம்: வாள், நெருப்பு, நஞ்சு முதலிய கொலைக்கருவிகளைப் பிறர்க்குக் கொடுத்தல். பயிற்சி நிரம்பாத கையில் பன்னிரண்டு உயிர்களோடு ஒரு வண்டியைக் கொடுத்தது வேறென்ன? உரிமையாளர் கொடுத்தார், யாம் கேட்காமல் ஏறினோம்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றையும் நம் ஆசாரியர் ஒன்றாக வைத்து எண்ணியது எத்துணை நுண்மை! ஓட்டியவன் செய்தான். யாம் மூவர் செய்வித்தோம். வாளாவிருந்த ஒன்பதின்மர், பிள்ளைகளை விலக்கினால், உடன்பட்டனர். சிற்றுயிர் அட்டிலில் விழுந்து மடியாதிருக்க ஏற்பட்ட நோன்பின் பொருட்டு, ஒரு மனித உயிரைச் சாலையோரப் பள்ளத்தில் தள்ள இருந்தோம்.

அன்றிரவு அப்பிள்ளையை அழைத்து எங்கே வண்டி பழகினான் என்று கேட்டோம். சமவெளியில் ஒரு லாரியில் கிளீனராக இருந்தானாம். ஓட்டுநர் கண்ணயரும்போது நள்ளிரவில் ஓட்டிப் பழகினானாம். மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டி உரிமம் பெற்றானாம். மலையில் ஓட்டுவது அன்று இரண்டாம் முறை. இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டால் டீசல் மிச்சமாகும் என்று யாரோ கற்பித்திருக்கிறார்கள். பாதி வழி நியூட்ரலிலேயே இறக்கியிருக்கிறான். கருகிய நாற்றம் சருகினது அன்று. ஓயாமல் மிதிபட்டுச் சூடேறிய பிரேக்கினது. சூடேறிய பிரேக் பிடிப்பை இழக்கும். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். இதை அவனுக்கு ஒருவரும் கூறவில்லை. பொய்யில்லாத பிள்ளை, கேட்டதற்கெல்லாம் தலைகுனிந்து விடை கூறினான்.

ஆசிரியப் பயிற்சி பெற்ற நாள்கள் எம் நினைவுக்கு வந்தன. ஈராண்டுப் பயிற்சி. பாடக்குறிப்பு எழுதி ஒப்பம் பெறாமல் வகுப்புக்குள் நுழைய முடியாது. மாதிரிப் பாடம் நடத்துகையில் கடைசிப் பலகையில் விரிவுரையாளர் அமர்ந்து, கரும்பலகையை மறைத்து நின்றோமா, பின்வரிசைப் பிள்ளையை நோக்கினோமா என்று குறித்துக்கொண்டே இருப்பார். நாற்பது பிள்ளைகளைத் தனியே ஒப்படைக்க அத்துணை தயக்கம். யாம் பிழை செய்திருந்தால் ஒரு பிள்ளை ‘ழ’கரத்தைத் தவறாக எழுதியிருக்கும், அவ்வளவே. முதலில் பழகிய தவறான சுழி கையை விட்டுப் போகாது என்பதை ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் அனைவரும் அறிவர். ஓட்டுநர் பழக்கமும் அத்தகையதே.

சட்டத்தில் குறை இருப்பதாகக் கூற முடியாது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 31ஆம் விதி, பயிற்சிப் பள்ளிகளுக்குரிய பாடத்திட்டத்தை வகுத்திருக்கிறது. சொந்த உபயோகக் கார்களுக்கு 21 நாள்களும் 10 மணி நேர ஓட்டமும் குறையாமல் இருக்க வேண்டும். கனரகப் போக்குவரத்து வண்டிகளுக்கு 30 நாள்களும் 15 மணி நேர ஓட்டமும். 2021இல் வந்த அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையங்களுக்கான விதிகள், இலகுரக வண்டிக்கு 29 மணி நேரம் என்று உயர்த்தின. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக வாகனப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. மலைச்சாலையில் இறங்கும் வண்டி, ஏறும் வண்டிக்கு ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும் என்பதும் 1989ஆம் ஆண்டிலிருந்தே எழுதப்பட்ட விதி. இத்தனையும் ஏட்டில் இருக்க, நள்ளிரவு நெடுஞ்சாலையில் பழகிய பிள்ளையின் கையில் நம் குழந்தைகளை ஒப்படைக்கிறோம். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குச் செல்லும் வண்டிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி இ-பாஸ் முறை வந்தது. நல்லதே. மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று எண்ணத் தொடங்கினர். ஓட்டுபவர் மலைக்குப் பழகியவரா என்பதை வண்டியில் ஏறும் நாம்தான் கேட்டாக வேண்டும்.

மேற்கண்டவற்றில் யாம் இன்னும் முழுமையாகத் தெளியாத ஓரிடம் உண்டு. நாட்டுச் சட்டம் விளைவை நோக்கித் தண்டனை வகுக்கிறது. கண்மூடித்தனமாக ஓட்டியவனுக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. அதே ஓட்டத்தில் ஒருவர் இறந்துவிட்டால் 106ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை. இருவர் ஒரே வளைவில் ஒரே விரைவில் திரும்புகின்றனர். ஒருவன் எதிரில் மூதாட்டி வருகிறார். மற்றவன் எதிரில் எவரும் இல்லை. இருவர் உள்ளமும் ஒன்றே. சட்டம் அவர்களை வேறாகக் காண்கிறது. நம் அறநூல் ஒன்றாகக் காண்கிறது. உள்ளத்தை அளக்கும் கோல் நீதிமன்றத்தில் இல்லை ஆதலின் சட்டத்தைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் விளைவுக்கு ஒரு பொருளும் இல்லையா?

எம் மாணவி ஒருத்தியின் தந்தையார் பேருந்து ஓட்டுநர். மெதுவாக ஓட்டுகிறார் என்று பயணிகளிடம் ஏச்சு வாங்குபவர். ஒருநாள் ஒரு சிறுவன் நின்றிருந்த மாட்டுவண்டியின் பின்னிருந்து பந்தைத் துரத்தி ஓடிவந்துவிட்டான். விசாரணையில் அவர்மீது குற்றம் இல்லை என்று முடிந்தது. சாத்திரப்படியும் அவருக்குப் பந்தம் இல்லை என்றே கூறவேண்டும். அவரோ பல நாள் சரியாக உண்ணவில்லை. ஆண்டுதோறும் அந்நாளில் அச்சிறுவனின் பெற்றோரைச் சென்று கண்டுவந்தார். அவர்களும் சில ஆண்டுகளுக்குப்பின் அவரை எதிர்பார்த்திருந்தனர். குற்றமில்லாதவர் ஏன் செல்ல வேண்டும் என்று அன்று எமக்கு விளங்கவில்லை. பிரதிக்கிரமணத்தை எண்ணும்போது சிறிது விளங்குகிறது. நடந்து வந்து அமர்ந்த முனிவர், கவனத்தோடு நடந்தவரே ஆயினும், அறியாமல் என் காலடியில் ஊறுபட்ட உயிர்கள் பொறுக்க என்று வேண்டுகிறாரே! பந்தம் இல்லாத இடத்திலும் கடன் இருக்கிறது போலும். அந்த ஓட்டுநர் அக்கடனைச் செலுத்தினார். கவனமின்றி ஓட்டி, ஒன்றும் ஆகாமல் தப்பிய யாங்களோ எதையும் செலுத்தவில்லை. அம்மையாரின் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

இது ஏதோ எம் ஒருவர் கதை என்று தள்ளிவிடவும் வழியில்லை. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்பது மத்திய போக்குவரத்து அமைச்சகம் தந்த கணக்கு. அவர்களுள் நூற்றுக்கு எழுபத்தொருவர் மிகுவிரைவால் நேர்ந்த விபத்துகளில் இறந்தனர். அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் தமிழ்நாட்டிற்கு: 64,105. சராசரி விரைவு நூற்றுக்கு ஒன்று கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு நூற்றுக்கு நான்கு கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2018இல் மத்திய அரசு கார்களுக்கான உச்ச விரைவை விரைவுச் சாலைகளில் 120 கிலோமீட்டராக உயர்த்தி அறிவிக்கை வெளியிட்டது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அப்போது எம் பேரன் முறையுள்ள பிள்ளை ஒருவன், “நல்ல சாலை, நல்ல கார், பிறகு ஏன் வரம்பு?” என்று கேட்டான்.

திசை விரதம் ஏன் என்று கேட்பதைப் போன்றது அது என்றோம். இத்திசையில் இவ்வளவு தொலைவுக்கு மேல் செல்லேன் என்று இல்லறத்தார் வரம்பு கட்டுவது, அத்தொலைவுக்கு அப்பால் ஆசை எழுவதற்கு முன்பே. எழுந்தபின் கட்ட முடியாது. பலகையில் எழுதிய 30உம் அத்தகைய வரம்பே. அது எட்ட வேண்டிய இலக்கு அன்று. மூடுபனி இறங்கினால் 30உம் மிகையே. அவன் சிரித்துக்கொண்டே, “பாட்டி, சாவியையே வாங்கிக்கொள்வீர்கள் போலிருக்கிறதே” என்றான். அவனுக்கு அப்போது பதினேழு வயது. ஆம், வாங்கிக்கொண்டோம். பதினெட்டு நிரம்பாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர்க்கும் வண்டி உரிமையாளர்க்கும் மூன்றாண்டு வரை சிறை என்று 2019ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் கூறுகிறது. இம்சாதானம் என்று ஆசாரியர் கூறியதை நாடாளுமன்றம் பிந்தியேனும் கண்டுகொண்டதில் மகிழ்ச்சியே.

சென்ற ஆண்டு மீண்டும் ஐவர்மலைக்குச் சென்றோம். வண்டி பேசும்போதே, கொடைக்கானல் சாலையில் பலமுறை ஓட்டியவராக வேண்டும் என்று கேட்டுப் பெற்றோம். வாடகை சற்றுக் கூடுதல். ஓட்டுநர் முந்தின இரவு உறங்கினாரா என்றும் கேட்டோம். அவர் வியப்போடு பார்த்தார். புளிச்சோறும் தயிர்சோறும் கட்டி மேலேயே கொண்டுசென்றோம். நான்கு மணிக்கு ஏரிக்கு அருகில் பாய் விரித்து அனைவரும் உண்டோம். ஓட்டுநரையும் அழைத்து அமர்த்தினோம். பின் கைகழுவி, நோன்பை ஏற்று, வண்டியில் ஏறினோம். இரண்டாம் கியரிலேயே இறக்கினார். எதிரே ஏறிவந்த பேருந்துகளுக்கெல்லாம் ஒதுங்கி நின்றார். சவரிக்காட்டுக்குக் கீழே அந்த வளைவில் நிறுத்தச் சொல்லி, எம் தமையனார் மகன் இறங்கி அருகிலிருந்த தேநீர்க் கடையில் விறகு சுமக்கும் பாட்டியைப் பற்றி விசாரித்தான். அவ்வாறு பலர் உண்டு, எவரைக் கேட்கிறீர்கள் என்றார் கடைக்காரர். பழனி வந்து சேர்ந்தபோது இரவு மணி எட்டு.